வெவ்வேறு குணமுள்ளவர்கள் சேர்ந்து ஒரு வீடியோ செய்வது எப்படி? – முழுமையான வழிகாட்டி

பத்தமடைப் பாயைப் பற்றி 12 நிமிட வீடியோ ஒன்று எடுத்தோம். படப்பிடிப்புக்கு இரண்டே நாள்தான். கோரையைக் கீறுவது, ஆற்றில் ஊறவைப்பது, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்வது எல்லாம் நினைத்ததைவிட நன்றாகவே கிடைத்தன. ஆனால் வீடியோ வெளியாக ஏழு வாரம் ஆனது.

அந்த ஏழு வாரத்தில் உண்மையாக வேலை நடந்தது பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். மற்ற நாளெல்லாம் ஒருவர் பதிலுக்காக இன்னொருவர் காத்திருந்தோம், மனம் கோணிப் பேசாமல் இருந்தோம், "நான் அப்போதே சொன்னேனே" என்று வாதாடினோம். ஐந்து பேருமே வேலையில் கெட்டி. யாரும் சோம்பேறி இல்லை.

ஸ்கிரிப்ட் எழுதும் அக்கா கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். வீட்டுக்குப் போய் இரவு 11 மணிக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்புவார். கேமரா அண்ணன் பேசப் பேசத்தான் யோசிப்பார். பேசும்போது ஐந்து ஐடியா சொல்வார், அதில் மூன்றை அவரே மறந்துவிடுவார். எடிட்டர் தம்பி முழுதாக முடிக்காமல் எதையும் காட்ட மாட்டார். ஆய்வு பார்க்கும் தோழி எதைக் கேட்டாலும் முதலில் அதிலுள்ள ஓட்டையைத்தான் சொல்வார். நான் ஒருங்கிணைப்பாளர், எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிற ஆள்.

அந்த வேலைக்குப் பிறகு நிதானமாக யோசித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. குண வேறுபாடு வேலையில் இடிப்பது பெரும்பாலும் மூன்று நேரங்களில்தான். எப்போது வாய் திறப்பது, செய்ததை எப்போது காட்டுவது, எப்போது "முடிந்தது" என்று ஒத்துக்கொள்வது. பேசி யோசிப்பவரையும் எழுதி யோசிப்பவரையும் ஒரே ஆளாக்க முடியாது, ஆக்கவும் வேண்டாம். இந்த மூன்று நேரங்களை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள முடியும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்குத்தான். மூன்று பேர் முதல் எட்டுப் பேர் வரை உள்ள குழுவுக்கு இவை சரியாக வரும். வீடியோ, பாட்காஸ்ட், சிறு பத்திரிகை என்று எதுவானாலும் பொருந்தும்.

முதல் படி: முத்திரை குத்தாதீர்கள், கேளுங்கள்

குணம் என்றதும் பலர் நேராக ஒரு ஆன்லைன் டெஸ்டுக்குப் போவார்கள். நான்கு எழுத்தில் ஆளைச் சொல்லிவிடும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை அதில் பிரபலம். கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது. கார்ல் யுங் 1921-இல் எழுதிய கருத்துகளிலிருந்து வளர்த்து, மனிதர்களை 16 வகையாகப் பிரித்தார்கள். சுவாரசியமான பேச்சுப்பொருள்தான். ஆனால் சில வாரம் கழித்து அதே சோதனையை மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு வேறு வகை வருகிறது. உளவியல் ஆய்வாளர்கள் இன்று அதிகம் பயன்படுத்துவது 'பிக் ஃபைவ்' என்கிற ஐந்து பண்பு முறை. அதில் ஆளை வகை பிரிப்பதில்லை. ஒவ்வொரு பண்பும் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும் என்று மட்டும் சொல்கிறது. பெரும்பாலானவர்கள் நடுவில்தான் இருக்கிறார்கள்.

குழுவில் இந்த முத்திரைகளால் வரும் கெடுதல் எனக்கு நேரடியாகத் தெரியும். "அவர் இன்ட்ரோவர்ட், விடுங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் அவரிடம் யாரும் கருத்தே கேட்பதில்லை. அவருக்கும் அது வசதியாகப் போய்விடுகிறது.

அதனால் குணத்தைக் கேட்காமல் வேலை செய்யும் விதத்தைக் கேளுங்கள். ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்து இந்த ஐந்து கேள்விக்கும் அவரவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்:

புது ஐடியாவைக் கேட்டதும் உடனே பதில் சொல்ல முடியுமா, நேரம் வேண்டுமா? எவ்வளவு நேரம்?
செய்துகொண்டிருப்பதை எந்தக் கட்டத்தில் காட்டப் பிடிக்கும்?
குறை சொல்ல வேண்டுமென்றால் எப்படிச் சொன்னால் நல்லது: நேரிலா, போனிலா, எழுத்திலா? எல்லோர் முன்னாலா, தனியாகவா?
ஒரு நாளில் எந்த நேரத்தில் தொந்தரவு செய்யக்கூடாது?
எது நடந்தால் வேலை மேல் வெறுப்பு வரும்?

ஐந்தாவது கேள்விக்கான பதில்களை மட்டும் கவனமாகப் படியுங்கள். எங்கள் ஆய்வுத் தோழி எழுதியது: "நான் சொன்ன தவறை யாரும் கண்டுகொள்ளாமல், வீடியோ வெளியான பிறகு கமென்டில் ஒருவர் அதையே சொல்வது." அதைப் படித்த அன்றுதான் அவர் ஏன் எல்லாவற்றிலும் குறையை முதலில் சொல்கிறார் என்பது எங்களுக்குப் பிடிபட்டது. எங்களுக்கு அவமானம் வராமல் காப்பது தன் பொறுப்பு என்று அவர் நினைத்திருக்கிறார். நாங்கள் அதை முட்டுக்கட்டை என்று நினைத்திருந்தோம்.

அட்டைகளைக் குழுவில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: ஒரே பக்கத்தில் குறிப்பு

வேலை தொடங்கும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள். யாருக்காக இந்த வீடியோ, பார்த்து முடித்ததும் அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், எத்தனை நிமிடம், எந்தத் தேதி, எது இதில் வராது. கடைசிக் கேள்விதான் முக்கியம். பத்தமடை வீடியோவில் "பாயின் வரலாறு முழுதும் வராது, ஒரு பாய் உருவாகும் பாதை மட்டும்" என்று முதல் நாளே ஒரு வரி எழுதியிருந்தால் எங்களுக்கு இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

நீளத்தையும் கணக்காக எழுதுங்கள். நிதானமான குரலில் தமிழ் வாசித்தால் நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் என்பது எங்கள் கணக்கு. 12 நிமிடத்தில் நெசவாளர்கள் பேசுவது, தறிச் சத்தம், இசை எல்லாம் போகப் பின்னணிக் குரலுக்கு 600, 700 சொல்தான் கிடைக்கும். இந்த எண் முதலிலேயே தெரிந்தால் எழுதுகிறவர் 1,800 சொல் எழுதி, அதில் பாதிக்கு மேல் வெட்டும்போது மனம் வலிக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: ஐடியா கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் அமைதி

தமிழ் சினிமாவில் கதை விவாதத்துக்கு 'டிஸ்கஷன்' என்று பெயர். ஒரு அறையில் இயக்குநரும் உதவி இயக்குநர்களும் நாள்கணக்கில் உட்கார்ந்து பேசிப் பேசியே கதையை வளர்ப்பார்கள். அந்தப் பழக்கம்தான் நம் சிறு குழுக்களுக்கும் வந்திருக்கிறது. டீ வரும், பேச்சு களைகட்டும், இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். எழுந்து வரும்போது நிறையப் பேசிவிட்ட நிறைவு இருக்கும். தாளில் பார்த்தால் அந்த இரண்டு பேரின் ஐடியா மட்டும் இருக்கும்.

'பிரெயின்ஸ்டார்மிங்' என்கிற முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்கிற அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். கூட்டமாக உட்கார்ந்து, யாரையும் குறை சொல்லாமல், வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னால் ஐடியா பெருகும் என்றார். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் சேர்ந்து யோசித்த குழுக்களைவிட, நான்கு பேர் தனித்தனியாக யோசித்துக் கடைசியில் ஒன்றாகச் சேர்த்தபோது அதிக ஐடியா கிடைத்தது. ஏன் என்பதை 1987-இல் மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோப என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்ட முதன்மையான காரணம் மிக எளிது: ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தன் முறைக்காகக் காத்திருப்பவர் அதற்குள் தான் நினைத்ததை மறந்துவிடுகிறார், அல்லது "இது இப்போது பொருந்தாது" என்று தானே ஒதுக்கிவிடுகிறார்.

எங்கள் அக்காவுக்கு நடந்தது இதுதான். அவரிடம் ஐடியா இல்லாமல் இல்லை. கேமரா அண்ணன் மூச்சு விடும் இடைவெளியில் அதைச் செருகத் தெரியாது, அவ்வளவுதான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கூட்டத்துக்கு முந்தைய நாளே கேள்வியை அனுப்பிவிடுங்கள். "பத்தமடை பற்றி யோசிங்க" என்று பொதுவாக அனுப்பினால் பயனில்லை. "முதல் 30 விநாடியில் என்ன காட்டினால் பார்ப்பவர் நிற்பார்?" என்பது போல ஒரே கேள்வி. நேரம் வேண்டும் என்று அட்டையில் எழுதியவர்களுக்கு அந்த ஓர் இரவு போதும். கூட்டம் தொடங்கியதும் பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஆளுக்கு மூன்று ஐடியா, ஒரு தாளுக்கு ஒன்று, பெயர் போடாமல். தாள்களை மேசையில் பரப்பி, ஒருவர் எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசிக்க வேண்டும். அப்புறம்தான் பேச்சு.

பேச்சு வேண்டவே வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். கேமரா அண்ணனைப் போன்றவர்கள் தாளை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் திண்டாடுவார்கள். அவருக்கு நாங்கள் ஒரு வழி செய்தோம். கூட்டத்துக்கு முன்னால் யாராவது ஒருவர் அவரோடு டீக்கடை வரை நடந்து போய்விட்டு வருவார். போகும்போது அவர் பேசுவார், வரும்போது "அண்ணே, இதில் மூன்றை மட்டும் எழுதுங்க" என்று சொல்ல வேண்டும். பத்தமடை வீடியோவின் தொடக்கக் காட்சி அப்படி ஒரு நடையில் கிடைத்ததுதான்: பாயைக் காட்டாமல், ஈரக் கோரையைத் தொட்டுப் பார்க்கும் விரல்களை மட்டும் காட்டுவது.

ஓட்டை கண்டுபிடிப்பவருக்கும் நேரம் ஒதுக்குங்கள். "இப்போ குறை சொல்லாதீங்க" என்று மட்டும் சொன்னால் அவர் வாயைக் கட்டிப்போட்டது போலத்தான். "ஐடியாக்களிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு 20 நிமிடம் உங்களுடையது. அப்போது ஒவ்வொன்றிலும் எது தப்பாகப் போகும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். தனக்கென்று ஒரு நேரம் இருப்பது தெரிந்தால் அவர் அதுவரை நிம்மதியாக இருப்பார்.

நான்காம் படி: "சரிண்ணா" என்றால் என்ன என்று கண்டுபிடியுங்கள்

இதைத் தனிப் படியாகவே வைக்கிறேன். தமிழ்க் குழுக்களில் அதிகம் வேலையைக் கெடுப்பது சண்டை இல்லை, தலையாட்டல் என்பது என் அனுபவம்.

வயதில் மூத்தவர், சம்பளம் கொடுப்பவர், அனுபவசாலி ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் "சரிண்ணா" என்கிறார். அதற்கு "ஒத்துக்கொள்கிறேன்" என்று பொருள் இருக்கலாம். "காதில் விழுந்தது" என்றும் இருக்கலாம். "எனக்குப் புரியவில்லை, ஆனால் கேட்க வெட்கமாக இருக்கிறது" என்றும், "தப்பு என்று தெரியும், உங்களோடு யார் வாதாடுவது" என்றும் இருக்கலாம். நம் வீடுகளில் பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். 23 வயதில் வேலைக்கு வந்ததும் அது மாறிவிடாது. அதை அவருடைய குறையாக நினைப்பது நியாயம் இல்லை. கேட்கும் விதத்தை நாம்தான் மாற்ற வேண்டும்.

"எல்லாம் ஓகேவா?" என்ற கேள்விக்கு "ஓகே" என்பதைத் தவிர வேறு பதில் வராது. அதற்குப் பதிலாக, "இதில் ஒன்றை நீக்கியே ஆக வேண்டும் என்றால் எதை நீக்குவாய்?" என்று கேளுங்கள். இப்போது அவர் உங்களை எதிர்க்கவில்லை, நீங்கள் கொடுத்த வேலையைச் செய்கிறார். அதனால் பதில் வரும். "நீ என்ன செய்யப்போகிறாய் என்று உன் வார்த்தையில் ஒருமுறை சொல்லு தம்பி" என்பதும் நல்ல கேள்வி. நான் சொன்னதற்கும் அவர் செய்யப்போவதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொரு விதி: கூட்டத்தில் வயதில் இளையவர் முதலில் பேச வேண்டும், மூத்தவர் கடைசியில். நான் முதலில் பேசினால் மற்றவர்கள் என் கருத்தின் மேல்தான் பேசுவார்கள். என் வாயை மூடிக்கொண்டு நான்கு பேரும் முடிக்கும்வரை காத்திருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் கூட்டத்திலேயே, "இந்தப் பின்னணி இசை அந்த அம்மா பேசுவதை அழுகாச்சி ஆக்குதுண்ணா, அவங்க பெருமையாத்தான் பேசுறாங்க" என்று எடிட்டர் தம்பி சொன்னார். மூன்று மாதமாக அவர் வாயிலிருந்து வந்த முதல் மறுப்பு அது. அவர் சொன்னதுதான் சரி.

பெண்கள் பேசும்போது இடையில் குறுக்கிடப்படுகிறார்களா என்பதையும் ஒரு கூட்டத்தில் எண்ணிப் பாருங்கள். எண்ணினாலே போதும், அடுத்த கூட்டத்தில் குறைந்துவிடும்.

ஐந்தாம் படி: எந்த முடிவு யாருடையது

எல்லோரும் கருத்துச் சொல்லலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் கடைசி வார்த்தை ஒருவருடையதாக இருக்க வேண்டும். சொற்கள் அக்காவுடையது. தகவல் சரியா தவறா என்பது ஆய்வுத் தோழியுடையது. அவர் "இது உறுதியாகத் தெரியாது" என்றால் அந்த வரி போக வேண்டும், எவ்வளவு அழகாக இருந்தாலும். வெட்டும் தாளமும் எடிட்டருடையது. தேதி என்னுடையது. இதை எழுதி ஒட்டிவிடுங்கள்.

தலைப்புக்கும் தம்ப்நெயிலுக்கும் வரும் சண்டை தனி ரகம், ஏனென்றால் அதில் எல்லோருக்கும் அபிப்பிராயம் உண்டு. யூடியூபிலேயே ஒரு வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில் வரை போட்டுச் சோதிக்கும் வசதி வந்துவிட்டது. எதைப் பார்த்தவர்கள் வீடியோவை அதிக நேரம் பார்த்தார்கள் என்று அதுவே சொல்லிவிடும். அங்கே வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆறாம் படி: பாதியில் காட்டும் நாளைக் குறித்துவிடுங்கள்

முழுதாக முடிக்காமல் காட்ட மாட்டேன் என்பவர் பயத்தில்தான் அப்படிச் செய்கிறார். கலர் சரிசெய்யாத காட்சியைப் பார்த்துவிட்டு "என்ன இது, மங்கலாக இருக்கு" என்று யாரோ ஒருமுறை சொல்லியிருப்பார்கள். அதற்கப்புறம் யார்தான் பாதியில் காட்டுவார்கள்? அதனால் அவரை "சீக்கிரம் காட்டு" என்று நெருக்குவதைவிட, பார்ப்பவர்களுக்கு எல்லை போடுவது பலன் தரும்.

நாங்கள் மூன்று நாள்களை வைத்திருக்கிறோம். முதல் நாள் எலும்புக்கூடு: காட்சிகள் வரிசையாக இருக்கும், அவ்வளவுதான். அன்று பேச வேண்டியது வரிசையையும் நீளத்தையும் மட்டும். நிறம், இசை, எழுத்து பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. இரண்டாம் நாள் சதை: குரலும் இசையும் சேர்ந்திருக்கும். அன்று தாளம், புரிதல், தகவல். மூன்றாம் நாள் பிழை மட்டும். எலும்புக்கூடு நாளில் வரிசையை மாற்ற அரை மணி நேரம் ஆகும். இசை, துணைத்தலைப்பு எல்லாம் போட்ட பிறகு அதே மாற்றத்துக்கு இரண்டு நாள் போய்விடும். இதை எடிட்டர் அல்லாதவர்களுக்கு ஒருமுறையாவது கணினி முன் உட்காரவைத்துக் காட்டுங்கள். சொல்லிப் புரியாதது பார்த்தால் புரியும்.

கடைசி நிமிடத்தில்தான் வேகம் வரும் ஆட்களுக்கும் இதே மூன்று நாள்கள் உதவும். ஒரு பெரிய கெடுவுக்குப் பதில் மூன்று சின்னக் கெடு, மூன்று கடைசி நிமிடம்.

ஏழாம் படி: கருத்தை எப்படிச் சொல்வது

நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். பத்தமடை வீடியோவின் முதல் வடிவத்தில் ஒரு பெண் கோரையைக் கத்தியால் கீறும் காட்சி 40 விநாடி இருந்தது. பார்த்ததும் குழு வாட்ஸ்அப்பில், "தம்பி, நடுவுல கொஞ்சம் லேக் அடிக்குது" என்று போட்டேன். இரண்டு பேர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தினார்கள். எடிட்டர் தம்பி நான்கு நாள் எதுவும் பேசவில்லை. ஐந்தாவது நாள் அந்தக் காட்சியை 6 விநாடியாக வெட்டி அனுப்பினார். வீடியோவின் உயிரே போயிருந்தது.

பிறகு போனில் பேசினோம். அந்த 40 விநாடிக்காக அவர் ஒரு நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கோரைத் தண்டை இவ்வளவு மெல்லியதாகக் கீற எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதைப் பார்ப்பவர் உணர வேண்டும் என்று வேண்டுமென்றே நீட்டி வைத்திருந்தார். நான் எழுதிய ஐந்தாறு வார்த்தையில் அவர் கேட்டது, "உனக்கு எடிட்டிங் தெரியவில்லை" என்பது.

நான் சொல்லியிருக்க வேண்டியது இது: "2:10-இல் கீறும் காட்சி தொடங்குகிறது. கத்தி உள்ளே இறங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். 2:25-க்கு மேல் என் கவனம் நழுவிவிட்டது. அடுத்து எதற்காகப் பார்க்கிறேன் என்று தெரியவில்லை. இந்தக் காட்சியில் நீ என்ன செய்ய நினைத்தாய்?" இதைப் போனில் சொன்னபோது அவரே தீர்வு சொன்னார். காட்சியை வெட்டவில்லை. 2:25-இல் இசையை நிறுத்திவிட்டு, கத்தி கோரையில் ஓடும் சத்தத்தை மட்டும் விட்டு, அதன் மேல் அந்த அம்மாவின் குரலைக் கொண்டுவந்தார். 40 விநாடியும் அப்படியே இருக்கிறது. இப்போது யாரும் அந்த இடத்தில் நகர்வதில்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை: எந்த இடம் என்று நிமிடம், விநாடியோடு சொல்லுங்கள். பார்த்தபோது உங்களுக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள், அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது. அவர் என்ன நினைத்துச் செய்தார் என்று கேளுங்கள். தீர்வை அவரிடம் விடுங்கள்.

"ஃபீல் வரல", "இன்னும் கொஞ்சம் ரிச்சா", "ஏதோ மிஸ்ஸிங்" என்ற மூன்றையும் எங்கள் குழுவில் தடை செய்துவிட்டோம். சொல்பவருக்கு ஐந்து விநாடி, கேட்பவருக்கு இரண்டு நாள் தூக்கம் போகும். என்ன குறை என்று சொல்லத் தெரியவில்லை என்றால் எந்த இடத்தில் குறை என்றாவது சொல்லுங்கள்.

யாருக்கு எங்கே சொல்வது என்பதற்கு முதல் படியின் அட்டை இருக்கிறது. தம்பிக்குத் தனியாக, போனில். ஆய்வுத் தோழிக்கு எழுத்தில், ஏனென்றால் அவர் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பார். கேமரா அண்ணனுக்கு நேரில்தான். எழுத்தில் அனுப்பினால் அவர் அதிலுள்ள தொனியைத் தப்பாக எடுத்துக்கொள்வார். பாராட்டைக் குழுவில் சொல்லுங்கள், குறையைத் தனியாகச் சொல்லுங்கள்.

பிக்ஸார் அனிமேஷன் ஸ்டுடியோவில் 'பிரெயின்டிரஸ்ட்' என்று ஒரு கூட்டம் உண்டு. அனுபவசாலிகள் உருவாகிக்கொண்டிருக்கும் படத்தைப் பார்த்து ஒளிவுமறைவில்லாமல் கருத்துச் சொல்வார்கள். ஆனால் அவற்றை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இயக்குநருக்குக் கிடையாது. அந்த ஒரு விதியால்தான் இரண்டு பக்கமும் பயமில்லாமல் பேச முடிகிறது. நாங்களும் அதை எடுத்துக்கொண்டோம். ஒரே நிபந்தனை: ஏற்காத கருத்துக்குக் காரணம் ஒரு வரியாவது சொல்ல வேண்டும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக: ஸ்கிரிப்டுக்கு கூகுள் டாக்ஸில் 'பரிந்துரை' முறையில் திருத்துங்கள், நேராக அழித்து எழுதாதீர்கள். வீடியோவுக்கு விநாடி வாரியாகக் கருத்து எழுதும் மென்பொருள்கள் இருக்கின்றன; இல்லையென்றால் யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆக (இணைப்பு இருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி) ஏற்றி, கருத்துகளை ஒரே ஷீட்டில் எழுதுங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தி பேசிப் பழகியவர்களுக்கு வசதி, ஆனால் ஐந்து நிமிடக் குரல் செய்தியில் மூன்றாவது திருத்தம் எங்கே இருக்கிறது என்று தேடுபவரை நினைத்துப் பாருங்கள். பேசியவரே கீழே இரண்டு வரி எழுதிவிட வேண்டும்.

எட்டாம் படி: பூட்டுவது

ஸ்கிரிப்ட் லாக், பிக்சர் லாக் என்று சினிமாவில் சொல்வார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு சொல் மாறாது, அந்தத் தேதிக்குப் பிறகு வெட்டு மாறாது. சின்னக் குழுக்கள் இதைச் செய்யாமல் விடுவதால்தான் வேலை முடிவதே இல்லை.

தேய்த்துக்கொண்டே இருப்பவருக்குப் பூட்டு ஒரு தண்டனை போலத் தெரியும். அவருக்காக 'அடுத்த தடவை' என்று ஒரு தாள் வையுங்கள். பூட்டிய பிறகு தோன்றும் எல்லாத் திருத்தமும் அதில் போகும், அடுத்த வீடியோ தொடங்கும்போது முதலில் அதைப் படிக்க வேண்டும். படிக்காவிட்டால் அவர் அப்புறம் அந்தத் தாளை நம்ப மாட்டார். புது ஐடியா கொட்டிக்கொண்டே இருப்பவருக்கும் இதே தாள்தான்.

பூட்டை உடைக்க இரண்டே காரணங்கள்: தகவல் பிழை, அல்லது வீடியோவில் இருப்பவருக்கு அதனால் மனக்கஷ்டமோ தொல்லையோ வரும் என்பது. ஒருமுறை நெசவுக்காரர் ஒருவர் தன் வருமானத்தைப் பற்றிப் பேசியதை எடுக்கச் சொல்லி, வெளியாவதற்கு முந்தைய நாள் போன் செய்தார். எடுத்தோம். எடிட்டர் தம்பி அன்று இரவு முழுதும் உட்கார்ந்தார், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

ஒன்பதாம் படி: மனக்கசப்பு வந்தால்

வரத்தான் செய்யும். 24 மணி நேரத்துக்குள் போனில் பேசிவிடுங்கள், எழுத்தில் வேண்டாம். நடுவில் ஆள் வைக்காதீர்கள்; "அவர் உன் மேல் வருத்தத்தில் இருக்கார்" என்று மூன்றாவது ஆள் சொல்லும்போது அது இரட்டிப்பாகப் போய்ச் சேரும். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்ற பேச்சை எடுக்காதீர்கள். நடந்த அந்த ஒன்றை மட்டும் பேசுங்கள்.

பெயர் போடுவதையும் பணத்தையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். குணம் ஒத்துவரவில்லை என்று பிரிந்த குழுக்களில் நான் பார்த்தவை பாதிக்கு மேல் உண்மையில் இந்த இரண்டில்தான் பிரிந்தன. அமைதியான ஆட்கள் கேட்க மாட்டார்கள். கேட்காமலே ஒருநாள் போய்விடுவார்கள்.

எல்லாம் செய்து பார்த்தும் சிலரோடு ஒத்துவராமல் போகலாம். இரண்டு வேலை முழுதாகச் சேர்ந்து செய்து பாருங்கள். கொடுத்த வார்த்தையை ஒருவர் தொடர்ந்து காப்பாற்றவில்லை, அல்லது மற்றவர்களை இழிவாகப் பேசுகிறார் என்றால் அதைக் குணம் என்று சொல்லித் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

பத்தாம் படி: வெளியான பிறகு 15 நிமிடம்

வீடியோ வெளியாகி ஒரு வாரத்தில் ஒரு சின்னக் கூட்டம். பார்வை எண்ணிக்கை பற்றி அல்ல, சேர்ந்து வேலை செய்ததைப் பற்றி. எங்கே காத்துக்கிடந்தோம்? எது சுலபமாக நடந்தது? அட்டையில் யாராவது ஏதாவது மாற்ற வேண்டுமா? இளையவர் முதலில்.

பத்தமடைக்கு அடுத்த வீடியோவை மூன்று வாரத்தில் முடித்தோம். அந்தக் கூட்டத்தில் அக்கா தன் அட்டையில் "கூட்டத்தில் என்னைக் கேட்காதீர்கள்" என்பதை அடித்துவிட்டு, "முந்தைய நாள் கேள்வி வந்தால் கேளுங்கள்" என்று எழுதினார். எடிட்டர் தம்பி அட்டையில் ஒரு வரி கூடியது: "எலும்புக்கூட்டைச் செவ்வாய் மாலை காட்டுவேன். அன்று கலர் பற்றி யாரும் பேசக்கூடாது, அண்ணனும்தான்."